‘கூட யாரு வந்திருக்கா?’

பயணச்சீட்டு இல்லாத ஒரு பெண்ணை ரயிலிலிருந்து எங்கே இறக்கிவிடலாம்? 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 139ஆம் பிரிவில், இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அவள் பயணத்தைத் தொடங்கிய நிலையத்தில் இறக்கலாம். சந்திப்பு நிலையத்திலோ வண்டி முடிகிற நிலையத்திலோ மாவட்டத் தலைநகரின் நிலையத்திலோ இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும். ஆக, திருநெல்வேலி சந்திப்பில் இறக்கலாம். வழியில் தாழையூத்தில் கூடாது, கல்லிடைக்குறிச்சியில் கூடாது. இருட்டிவிட்டால் திருநெல்வேலியிலும் கூடாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வாக்கியத்துக்குள் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பாதுகாப்பெல்லாம் ஆண் பயணி துணைக்கு இல்லாத பெண்ணுக்குத்தான். பக்கத்தில் ஓர் ஆண் இருந்துவிட்டால் அவளை எந்த நிலையத்திலும் எந்த வேளையிலும் இறக்கலாம். அந்த ஆண் கணவனா, காது மங்கிய தாத்தாவா, நேற்றுதான் மீசை அரும்பிய தம்பியா என்று சட்டம் கேட்பதில்லை. அவன் இருக்கிறான் என்பதே போதும். அவள் பொறுப்பு அவனிடம் போய்விடுகிறது. அதே வாக்கியத்தில் அவளோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பது யார் தெரியுமா? குழந்தை.

விமான நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி எழுத உட்கார்ந்து ரயில்வே சட்டத்தில் தொடங்கக் காரணம் இருக்கிறது. கவுன்டரில் நிற்கும் பெண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்துப் பேசும் பழக்கத்தை, ஏதோ ஒரு ஊழியரின் குணக்கேடாகப் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பார்வை முதலில் காகிதத்தில் இருக்கிறது. சட்டத்தில், விண்ணப்பத்தில், முன்பதிவுப் பக்கத்தின் கட்டங்களில் இருக்கிறது. கண் அதற்குப் பிறகுதான் திரும்புகிறது.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனமும் விமான நிலையமும் பெயரில்லாமல் இருக்கட்டும். அம்மாவின் சிகிச்சைக்காக நானும் தம்பியும் அம்மாவுமாகக் கிளம்பினோம். பயணச்சீட்டு பதிந்தது நான். பணம் என் கணக்கிலிருந்து போனது. கைபேசி எண்ணும் என்னுடையது. விமானம் நான்கு மணி நேரம் தாமதம் என்ற குறுஞ்செய்தி என் கைபேசிக்குத்தான் வந்தது. அதைக் காட்டிக்கொண்டே கவுன்டருக்குப் போய், அடுத்த விமானத்தில் இடம் உண்டா என்று கேட்டேன். அந்த இளைஞர் கணினியைப் பார்த்தார், தம்பியை நிமிர்ந்து பார்த்தார், “சார், ஈவ்னிங் ஃபிளைட்ல மூணு சீட் இருக்கு, மாத்திரலாமா?” என்றார். தம்பி, “அக்காகிட்ட கேளுங்க” என்றான். அவர் என் பக்கம் திரும்பி மிகப் பணிவாகக் கேட்டார்: “மேடம், சார் சொன்னா ஓகேதானே?”

சக்கர நாற்காலியில் இருந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, ரூவா குடுத்தவ நீ. அவன்கிட்ட எதுக்குக் கேக்காவ?” என்றாள். என்னிடம் அப்போது பதில் இல்லை.

பதில் தேடிப் போனால் முதலில் கையில் தட்டுப்படுவது பி.என்.ஆர். என்னும் ஆறு எழுத்துக் குறியீடு. ஒரே முறையில் பதிந்த பயணிகள் எத்தனை பேரானாலும் அதற்கு ஒரே குறியீடு. பெரும்பாலும் ஒரே கைபேசி எண், ஒரே மின்னஞ்சல். நிறுவனத்துடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் உண்டு. ஆனால் நடைமுறையில் அந்த ஆறு எழுத்துக்கு ஓர் ‘ஆள்’ தேவைப்படுகிறது. முகவரிடம் போய்ப் பதியும் குடும்பங்களில் அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. “அண்ணாச்சி நம்பர் சொல்லுங்க” என்று முகவரே கேட்டுவிடுகிறார். மனைவியின் பெயர், வயது, ஆதார் எல்லாம் அண்ணாச்சியின் எண்ணுக்குக் கீழே போய் அடைகின்றன.

இது சின்ன விஷயம் இல்லை. விமானம் ரத்தானாலோ இடம் மறுக்கப்பட்டாலோ பயணிக்கு இழப்பீடு தரச் சொல்லும் விதிகளை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்திருக்கிறது. அதே விதிகளில், பதிவின்போது சரியான தொடர்பு விவரம் தராதவர்களுக்கு ரத்துக்கான இழப்பீடு கிடையாது என்றும் இருக்கிறது. நிறுவனம் தகவல் சொன்னதா இல்லையா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். துபாயிலிருந்தபடி கணவர் பதிந்து கொடுத்த சீட்டில் கடையநல்லூரிலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறும் பெண்ணுக்கு, நேரம் மாறிய செய்தி துபாய் கைபேசியில் போய் விழுகிறது. அவர் வேலை முடித்து அதைப் பார்க்கும்போது அவள் வாடகைக் காரில் ஆரியங்காவு தாண்டியிருப்பாள். கணினியைப் பொறுத்தவரை அவளுக்குச் சொல்லியாயிற்று.

அடுத்தது பெயர். தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லை என்பது உலகத்து விமான நிறுவனங்களுக்கு இன்னும் எட்டாத சேதி. ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆணானால் தகப்பன் பெயரை அதில் போடுகிறான். ஒலிபெருக்கியில் ‘மிஸ்டர் சுடலைமுத்து’ என்று கடைசி அழைப்பு விடுக்கிறார்கள்; சுடலைமுத்து காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருக்கும், மகன் ஓடுகிறான். இதில் சிரிக்க இடமிருக்கிறது. பெண்ணின் கதை அவ்வளவு வேடிக்கையாக இல்லை. கல்யாணத்துக்கு முன் அவள் முதலெழுத்து அப்பாவுடையது, பின்னால் கணவனுடையது. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று. இவை ஒத்துப்போகாமல் கவுன்டரில் நிறுத்தப்படுகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, நம் முதலெழுத்து வழக்கமே காரணம் சொல்லிவிடும். நின்று வாதாடி உள்ளே போனாலும், கடைசிப் பெயரை வைத்து அழைக்கும்போது அவள் கணவனின் பெயரால் அழைக்கப்படுகிறாள். அவனை அவன் அப்பா பெயரால் அழைக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இருவருமே தங்கள் பெயரால் அழைக்கப்படுவதில்லை என்ற சமத்துவம் இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். ஆனால் அவனுக்குத் ‘திரு’ பிறந்ததிலிருந்து ஒன்றுதான். அவளுக்குத்தான் செல்வியா, திருமதியா என்று பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சென்னைப் பயணத்துக்கு அவள் மணமானவளா என்பது விமானியின் எந்த வேலைக்கு ஆகும்?

கடவுச்சீட்டுக்கு வருவோம், ஏனென்றால் வெளிநாட்டு விமானப் பயணத்தின் வாசல் அதுதான். மனைவி கடவுச்சீட்டு வாங்கக் கணவனின் அனுமதி வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் 2025இல் சென்னையில் ஒரு பெண்ணின் விண்ணப்பம், கணவரின் கையெழுத்தைக் கேட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கணவர் ஏற்கெனவே விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருந்தவர். பிரிந்து போக நினைக்கிறவரிடம் போய் ‘இவள் வெளியூர் போகலாம்’ என்று கையெழுத்து வாங்கி வா என்றால் என்ன செய்வாள்? அவள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். அந்த ஜூன் மாதம் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க மனைவி கணவனிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை. அப்படிக் கேட்பது, மணமான பெண்ணைக் கணவனின் உடைமையாகப் பார்க்கும் மனநிலை. நான்கு வாரத்துக்குள் விண்ணப்பத்தை முடிக்க உத்தரவானது.

இதற்கு முன்னும் சில கட்டங்கள் விழுந்திருக்கின்றன. தனியாகக் குழந்தையை வளர்க்கும் தாய், கடவுச்சீட்டில் தகப்பன் பெயரை எழுதியே ஆக வேண்டியதில்லை என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியை மாற்றி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், மணச் சான்றிதழ் தேவையில்லை என்றது. கல்யாணத்துக்குப் பின் பெண்கள் கடவுச்சீட்டில் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று 2017இல் பிரதமரே அறிவித்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 2016இல் விதி மாறிய பிறகும் 2025இல் ஒரு மேசை கணவனின் கையெழுத்தைக் கேட்டிருக்கிறது. காகிதம் மாறினாலும் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குப் பழைய காகிதமே ஞாபகத்தில் நிற்கிறது.

தாமிரபரணிக் கரையிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பங்கு வளைகுடாவுக்குப் போகிறவர்கள். மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும். எனவே இங்கே ‘கூட வந்த ஆண்’ என்பது பேச்சு வழக்காக மட்டும் இல்லாமல் விண்ணப்பத்தின் ஒரு வரியாகவே இருந்தது. அந்த வளைகுடாவிலுள்ள சவூதிக்கு ஹஜ் பயணம் போகும் பெண்ணுக்கு மஹ்ரம், அதாவது அவள் மணக்கத் தடையுள்ள நெருங்கிய ஆண் உறவோ கணவனோ, கூட வர வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2018 ஹஜ்ஜிலிருந்து, 45 வயது தாண்டிய பெண்கள் நான்கு பேராகச் சேர்ந்தால் மஹ்ரம் இல்லாமல் போகலாம் என்று இந்தியா தளர்த்தியது. அந்த ஆண்டு ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் போனார்கள். 2022இல் சவூதி அரசும் மஹ்ரம் கட்டாயம் இல்லை என்று அறிவித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து அப்படிப் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். சவூதிப் பெண்களே 2019 ஆகஸ்டில்தான் 21 வயதானதும் ஆண் பாதுகாவலர் அனுமதியின்றிக் கடவுச்சீட்டு வாங்கும் உரிமை பெற்றார்கள். ‘போக விரும்புகிற பெண்கள் யாரும் இல்லை’ என்ற வாதம் எவ்வளவு நிற்கும் என்பதை ஆயிரம் நாலாயிரமான கணக்கு சொல்லிவிடுகிறது. வரி ஒன்று நீங்கியதும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

விமானத் தொழில் தன் பங்குக்குப் பெண் பயணியை எப்படிப் பார்த்தது என்பதற்குத் தனி வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 1953 முதல் 1970 வரை நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஆண்களுக்கு மட்டுமான மாலை விமானங்களை ஓட்டியது. மனைவி கூட ஏறக் கூடாது. உள்ளே சுருட்டு, இறைச்சி விருந்து, காலுக்கு மென்செருப்பு. பரிமாற மட்டும் பெண்கள். அலுவல் பயணி என்றால் ஆண் என்ற முடிவை ஒரு நிறுவனம் அட்டவணையாகவே அச்சிட்டு விற்ற காலம் அது. நம் ஏர் இந்தியாவில் பணிப்பெண்களின் பணி விதிகள் வேறுவிதமாக இருந்தன: சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் செய்தால் வேலை போகும், முதல் கருவுற்றாலும் போகும். 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கருவுற்றால் வேலைநீக்கம் என்ற விதியை அடித்துப் போட்டது. மணத்துக்கான நான்காண்டுத் தடையை அப்படியே விட்டது. அந்தப் பாதித் தீர்ப்பைப் படிக்கும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது.

பின்னால் வந்த மாற்றங்களெல்லாம் தனியாக வரும் பெண்ணைக் குறிவைத்தவை. 2017 ஜனவரியில் ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்களில் தனியே பயணிக்கும் பெண்களுக்கென்று முன்வரிசையில் ஆறு இருக்கைகளை ஒதுக்கியது. 2024 மே மாதம் இண்டிகோ, இருக்கை தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு எந்த இருக்கைகளைப் பெண்கள் எடுத்திருக்கிறார்கள் என்று காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. பயனுள்ள வசதி, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக வந்தால் அவள் காப்பாற்றப்பட வேண்டியவள். ஆணோடு வந்தால் ஏற்கெனவே காப்பாற்றப்பட்டவள், அதனால் அவளிடம் பேச ஒன்றுமில்லை. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய பயணி என்ற சாதாரண நிலை ஒன்று இருக்க வேண்டும். அந்த இடம்தான் காலியாக இருக்கிறது.

சில நேரம் அந்த இடத்தை நீதிமன்றம் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. இஸ்ரேலின் எல் ஆல் விமானத்தில், பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்ற மதப் பற்றுள்ள ஆண் பயணிக்காக, எண்பது வயது கடந்த ஒரு பெண்ணை இடம் மாறச் சொன்னார் பணியாளர். அவர் மாறினார், பிறகு வழக்குப் போட்டார். பெண் என்பதற்காக ஒருவரை எழுந்து மாறி உட்காரக் கேட்பதே பாகுபாடு என்று 2017இல் ஜெருசலேம் நீதிமன்றம் சொன்னது. மறுக்க முடியாத அளவுக்கு மரியாதையாகக் கேட்டார்கள் என்பது அங்கே பதிலாக எடுபடவில்லை.

மரியாதை என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அறிமுகமில்லாத பெண்ணோடு நேருக்கு நேர் பேசாமல், கூட இருக்கும் ஆண் வழியாகப் பேசுவது இந்தப் பக்கத்தில் அவமதிப்பாக வளர்ந்த பழக்கம் இல்லை. ‘அடுத்த வீட்டுப் பொம்பளைய நிமிந்து பாக்காத ஆளு’ என்பது இன்றும் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆணுக்குக் கிடைக்கும் நற்சான்று. நெல்லுக்கடையில், உரக்கடையில், பத்திரப் பதிவில் பேச்சு ஆணிடம்தான். ஆனால் கிராமத்தில் அந்தப் பேச்சு அவனோடு முடிந்துவிடுவதில்லை. அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவான், அவள் முடிவெடுப்பாள், மறுநாள் அதே ஆண் தன் முடிவுபோலக் கடைக்காரரிடம் சொல்லுவான். கடைக்காரருக்கும் அது தெரியும். எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்த இடத்தில் அந்த நாடகம் செல்லும். மூன்று நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டிய கவுன்டரில், யாருக்கும் யாரையும் தெரியாத இடத்தில், அதே மரியாதை அவளிடமிருந்து தகவலைப் பிடுங்கிக்கொள்கிறது.

என் பழைய மாணவி ஒருத்தி விமான நிறுவனக் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். பாளையங்கோட்டையில் படித்து, ஓராண்டுப் பயிற்சி முடித்து, இருபத்திரண்டு வயதில் சீருடை போட்டவள். அவளிடம் கேட்டேன். சிரித்தாள். “மிஸ், கூட வந்த ஆளைக் கேக்காம அவங்ககிட்ட பேசினா அந்த ஆளுக்கு மூஞ்சி மாறிரும். அப்புறம் சத்தம் போட்டா மேலதிகாரி என்னத்தான் கூப்பிடுவாரு. அந்த அம்மாவும் ‘அவர்ட்ட கேளும்மா’ன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு எதுக்கு வம்பு?” கவுன்டருக்கு அந்தப் பக்கமும் ஒரு பெண்தான் என்பதை நான் மறந்துதான் போயிருந்தேன். ஒரு புகாரின் தூரத்தில் நிற்கிறது அவள் வேலை. யாருடைய கோபம் அதிக விலை என்று அவள் கணக்குப் போட்டுக் கண்ணைத் திருப்புகிறாள். அவளுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதைவிட, திரையில் ‘முதன்மைத் தொடர்பு: இன்னார்’ என்று அந்தப் பெண் பயணியின் பெயர் பளிச்சென்று தெரிந்தால் அவளுக்கு அது நல்ல கேடயம். “சார், மேடம் பேர்லதான் புக்கிங் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

காகிதம் மாறி அதனால் பேச்சு மாறுவது கனவு இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கண் முன்னே நடந்திருக்கிறது, விமானத்தில் அல்ல, டவுன் பஸ்ஸில். 2021 மே 7 அன்று பதவியேற்ற முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. அதன் பொருளாதாரப் பலன் பேசப்பட்டிருக்கிறது; ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. நான் சொல்ல வருவது வேறு. முன்பெல்லாம் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஏறினால் நடத்துநர் ஆணைத்தான் பார்ப்பார். “எங்க?” “முக்கூடல் ரெண்டு.” அந்த ‘ரெண்டு’க்குள் அவள் இருந்தாள். இப்போது அவளுக்கு விலையில்லாச் சீட்டு தனி. அந்தச் செலவை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுவதால் நடத்துநர் ஒவ்வொரு பெண்ணையும் எண்ணியாக வேண்டும். எனவே அவளிடம் கேட்கிறார்: “நீங்க எங்கம்மா?” அவள் வாயைத் திறந்து ஊர்ப் பெயரைச் சொல்கிறாள். சீட்டு அவள் கையில் வருகிறது. ‘ஓசி’ என்று சிலர் முகஞ்சுளித்ததும் உண்டு. ஆனாலும் கணக்குக்காக வந்த ஒரு தாள், நூறு ஆண்டுப் பேச்சு மரபை ஒரு மாதத்தில் மாற்றியதை முக்கூடல் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த நடத்துநரும் பெண்ணியம் படித்துவிட்டு வரவில்லை.

முக்கூடலைச் சும்மா சொல்லவில்லை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் எல்லாம் பீடி சுற்றும் ஊர்கள்; சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாரக் கூலியில் சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து, மகனையோ கணவனையோ வளைகுடாவுக்கு ஏற்றிவிட்ட கைகள் அவை. எங்கள் தெருவிலேயே இரண்டு விமானப் பயணங்கள் பீடி இலையிலிருந்து கிளம்பியவை. அந்தப் பெண் பிற்பாடு மகனோடு விமான நிலையத்துக்குப் போனால், பேச்சு மகனிடம் நடக்கிறது. நியாயவிலைக் கடையிலோ நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராக வைத்துக் குடும்ப அட்டை தரச் சொல்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. அரிசிக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் தலைவியாக இருக்கிறவள் ஆறாயிரம் ரூபாய் விமானச் சீட்டுக்கு மட்டும் ‘கூட வந்தவள்’ ஆவது வேடிக்கைதான்.

இந்தக் கண்ணோட்டம் இங்கே எவ்வளவு பழையது என்று காட்ட ஒரு கதை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரிடமே கிறிஸ்தவத்தைக் கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். மணமாகாமல் ஓர் ஆணோடு வாழ்கிற பெண் என்பது காரணம். அந்த ஆண் இறந்த பிறகு, 1778இல், அதே ஸ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்துக் குளோரிந்தா என்று பெயர் வைத்தார். குளோரிந்தா எழுப்பிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. திருநெல்வேலித் திருச்சபை அங்கிருந்து வளர்ந்தது. கூட ஓர் ஆண் இருந்தவரை அவருடைய விசுவாசம் கணக்கில் வரவில்லை. ஊர் மட்டும் அந்த ஆலயத்துக்கு லிட்டில்டன் பெயரையோ ஸ்வார்ட்ஸ் பெயரையோ வைக்கவில்லை. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறது.

வாகைகுளத்தில் இப்போது புதிய முனையம் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயரானாலும் நெல்லைக்காரர்களுக்கும் அதுதான் விமான நிலையம். சுமார் 450 கோடி ரூபாய் செலவில், 17,340 சதுர மீட்டரில் கட்டிய கட்டடத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. சின்ன விமானம் மட்டும் வந்துபோன இடத்தில் பெரிய விமானம் இறங்கலாம். இனி முதல் தடவையாக விமானம் ஏறும் பெண்கள் இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். மகனோடு, கணவனோடு, மருமகனோடு. அவர்களிடம் யார் பேசப்போகிறார்கள் என்பதைக் கட்டடத்தின் அளவு தீர்மானிக்காது. பதிவுப் பக்கத்தின் ஒரு கட்டம் தீர்மானிக்கும்.

அந்தக் கட்டத்தை மாற்றுவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு வயதுவந்த பயணிக்கும் தனிக் கைபேசி எண் கேட்கலாம். தாமதச் செய்தியை எல்லா எண்ணுக்கும் அனுப்பலாம். மணநிலை கேட்கும் முன்னொட்டை எடுத்துவிடலாம். முதலெழுத்து உள்ள பெயரை முதலெழுத்தோடு ஏற்கலாம். இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையில் இதைக் கட்டாயமாக்கலாம். தென்காசியிலும் நாங்குநேரியிலும் உள்ள பயண முகவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அண்ணாச்சி எண்ணைக் குறித்த கையோடு “மைனி நம்பர்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அதுவரை வாசகிகளுக்கு ஒரு செய்தி. சீட்டுக்குப் பணம் கட்டியது உங்கள் கணவரோ மகனோ ஆனாலும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெற்ற நீங்களும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். விமான நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பணம் கட்டியவர் கையெழுத்துத் தேவையில்லை. சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.